எஃப் ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதிய யூனிட் டெஸ்ட் (கோட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) ஓடவே இல்லை, பிழையும் காட்டவில்லை. சி ஷார்ப்பில் ஓடுகிறதே, ஏன்?

இது டெஸ்ட் என்று காட்ட ஃபேக்ட் என்று குறித்துவிட்டு, அடுத்த வரியில் லெட் போட்டு டெஸ்ட்டின் பெயரை எழுதியிருப்பீர்கள். அந்தப் பெயருக்கும் சமக்குறிக்கும் நடுவில் () இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சி ஷார்ப்பில் அடைப்புக்குறி இல்லாமல் மெத்தட் எழுதவே முடியாது. எஃப் ஷார்ப்பில் எழுதலாம், ஆனால் அது ஃபங்ஷன் ஆகாது, வெறும் வேல்யூ. இரண்டு மொழிகளும் ஓடும் தளமான டாட்நெட்டின் கணக்கில் அது மெத்தட் இல்லை, ஒரு ப்ராப்பர்ட்டி. டெஸ்ட்களைக் கண்டுபிடித்து ஓட்டும் எக்ஸ்யூனிட் மெத்தட்களை மட்டும்தான் தேடும். அதனால் உங்கள் டெஸ்ட் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். ஜிஎஸ்டி பில் போடும் மாட்யூல் அது. வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும் என்பது சட்டம். டாட்நெட்டின் ரவுண்ட் ஃபங்ஷன், தனியாகச் சொல்லாவிட்டால், அப்படிச் செய்யாது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளிவிடும். 1243.50 சரியாக 1244 ஆகும், 1242.50 மட்டும் 1242 ஆகிவிடும். இதைப் பிடிக்கவே டெஸ்ட் எழுதியிருந்தேன். எழுதியது 14, ஓடியது 13. எல்லாம் பச்சையாக, அதாவது ஜெயித்ததாக, வந்ததால் எண்ணிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளரின் கணக்காளர் போன் செய்து, ஒரு ரூபாய் இடிக்கிறது என்றார். அந்த டெஸ்ட்டை வேண்டுமென்றே தோற்கும்படி மாற்றி ஓட்டினேன். அப்போதும் பச்சை. டாட்நெட் டெஸ்ட் கட்டளையோடு --லிஸ்ட்-டெஸ்ட்ஸ் சேர்த்துப் பார்த்தபோதுதான் பட்டியலில் அதன் பெயரே இல்லை என்று தெரிந்தது.

எண்ணாமல் விட்டது உன் தப்பு என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோட்-ஐ ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. 2024 நவம்பரில் வந்த எஃப் ஷார்ப் 9-ல்தான் இதற்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கினார்கள். எஃப் ஷார்ப் போன்ற ஃபங்ஷனல் மொழியே இப்படித்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த மாட்யூலில் வேறு எந்தத் தொல்லையும் எனக்கு வந்ததில்லை.

இன்றுவரை ஆறாதது வேறு. அந்த கோட் எழுதியது நான். ரிவ்யூவில் சரி என்று சொன்னது, சேர்ந்து மூன்றே மாதமான ஒரு பெண். தவறு என்னுடையது என்று மெயிலில் எழுதிக் கொடுத்தேன். அப்புறமும் அப்ரைசலில் அவளுக்குத்தான் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அநியாயம். அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். () இருந்தும் ஓடவில்லை என்றால் ப்ராஜெக்ட்டில் எந்தெந்த ஃபைல்கள் சேரும் என்று சொல்லும் எஃப்எஸ்ப்ராஜ் ஃபைலைத் திறந்து பாருங்கள். சி ஷார்ப் போல ஃபோல்டரில் போட்டாலே ஃபைல் சேர்ந்துவிடாது. கம்பைல் இன்க்ளூட் வரியில் அதன் பெயர் இருக்க வேண்டும், அதுவும் அது பயன்படுத்தும் ஃபைல்களுக்குப் பின்னால். ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லையென்றால் எக்ஸ்யூனிட் ரன்னர் பேக்கேஜும் மைக்ரோசாஃப்ட் டெஸ்ட் எஸ்டிகேயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் டெஸ்ட் ஃபைலை அப்படியே கேள்வியில் ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.