கார் கண்ணாடி ஃபிலிமில் கீறல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃபிலிம் ஒட்டி நான்கு மாதம்தான் ஆகிறது. டிரைவர் பக்கக் கண்ணாடியில் மட்டும் மேலிருந்து கீழாக நேர்கோடுகள். யாரும் கை வைக்கவில்லை. ஃபிலிம் மட்டமானதா? (தூத்துக்குடி)

பதில்: கோடு நேராக மேலும் கீழுமாக ஓடினால் ஃபிலிமைச் சந்தேகப்படாதீர்கள், கதவு பீடிங்கை, அதாவது கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையைப் பாருங்கள். ஃபிலிம் ஒட்டுவது கண்ணாடியின் உட்பக்கத்தில். கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் இந்தப் பட்டை அதை உரசிக்கொண்டே நிற்கும். அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், இறக்கி ஏற்றும்போதெல்லாம் அதே இடத்தில் கீறும். டிரைவர் பக்கக் கண்ணாடிதான் மற்றவற்றைவிட அதிகம் இறங்கி ஏறுகிறது. உங்களுடையது கடற்கரை ஊர் வேறு.

என்னிடம் வரும் கீறல் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடுக்கில்தான் தொடங்குகின்றன. வாக்குவம் கிளீனரின் மெல்லிய முனையால் பட்டை நெடுக மண்ணை உறிஞ்சி எடுங்கள். பிறகு ஈரத்துணியை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் சுற்றி, பட்டையின் உதட்டைத் துடைத்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் நல்லது. எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், புழுதியை அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். ரப்பர் வெடித்துத் தடித்திருந்தால் பட்டையையே மாற்றிவிடுங்கள். அதை மாற்றாமல் புது ஃபிலிம் ஒட்டுவது வீண் செலவு.

கேள்வி: உட்பக்கம் செய்தித்தாளால் துடைக்கலாமா?

பதில்: வெறும் கண்ணாடிக்குச் சரி, ஃபிலிமுக்கு வேண்டாம். தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடையுங்கள். அப்புறம் இன்னொரு காய்ந்த துணி. டேஷ்போர்டு துடைத்த துணியைக் கண்ணாடிக்குக் கொண்டுவராதீர்கள், அதிலிருக்கும் மண்ணே கீறிவிடும். அம்மோனியா கலந்த கிளீனர் சாயமேற்றிய ஃபிலிமின் நிறத்தைக் கெடுக்கும். பாட்டிலின் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கேள்வி: நேற்றுதான் ஒட்டினோம். உள்ளே நீர்க்குமிழ் தெரிகிறது. விரலால் அழுத்திவிடலாமா?

பதில்: கூடாது. ஒட்டும்போது தெளித்த தண்ணீர் அது, வெயிலில் தானே காய்ந்துவிடும். மழைக்காலத்தில் சில வாரம்கூட ஆகலாம். முதல் ஐந்து நாள் கண்ணாடியை இறக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பவர் விண்டோ லாக் போட்டு வையுங்கள்.

கேள்வி: விழுந்த கீறலைப் பற்பசை தேய்த்து எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபிலிம் என்பது பாலியெஸ்டர். அதன் மேல் கீறலைத் தாங்க மிக மெல்லிய கோட்டிங் இருக்கிறது. பற்பசை அந்தக் கோட்டிங்கையே தேய்த்து, ஒற்றைக் கோட்டை மங்கிய திட்டாக்கிவிடும். ஆழமான கீறலுக்கு அந்த ஒரு கண்ணாடியின் ஃபிலிமை மட்டும் மாற்றுவதே வழி. பின்கண்ணாடி என்றால் பிளேடு போட விடாதீர்கள், கண்ணாடியில் படியும் பனிப்படலத்தைச் சூடேற்றிப் போக்கும் டிஃபாகர் கம்பிகள் அறுந்துவிடும். நீராவி காட்டி உரிக்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது அளவையும் கவனியுங்கள். விதிப்படி பக்கக் கண்ணாடியில் 50, முன்னும் பின்னும் 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும். கண்ணாடியும் ஃபிலிமும் சேர்த்துத்தான் கணக்கு: 75 சதவீதக் கண்ணாடியில் 60 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 45தான் மிஞ்சும்.

கேள்வி: உறிஞ்சியால் ஒட்டும் வெயில் திரை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பிடுங்கும்போது ஃபிலிம் ஓரம் எழும்பும், வலையில் ஒட்டிய மண்ணும் கீறும். கதவுச் சட்டத்தில் மாட்டும் காந்தத் திரை வாங்குங்கள்.