பூஜ்யம் என்றால் இல்லை என்று பொருளா?

கேள்வி: என் மகள் உயிர்த் தகவலியல் படிக்கிறாள். மூளைத் திசுவில் எந்த இடத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று சொல்லும் அட்டவணையைக் காட்டினாள். முக்கால்வாசி பூஜ்யம். இதை நம்பி என்ன கண்டுபிடிக்க முடியும்?
- ஒரு வாசகி

பதில்: இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. அந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். வீசியம் என்ற கண்ணாடித் தகட்டில் 6.5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் 4,992 புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றும் 55 மைக்ரான் அகலம். மெல்லிசாகச் சீவிய திசுவை அதன்மேல் வைத்தால், செல்களிலிருந்து வெளிவரும் ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் அதன் நகல்) கீழே இருக்கும் புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். அதை எண்ணியதுதான் அட்டவணை. எல்லாமே ஒட்டாது. கொஞ்சம் பக்கத்துப் புள்ளிக்கும் கசிந்துவிடும். அதனால் பூஜ்யம் என்றால் மரபணு அங்கே வேலை செய்யாமலும் இருக்கலாம், செய்தும் அதன் ஆர்.என்.ஏ. சிக்காமல் போயிருக்கலாம்.

எது எது என்று அறிய அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். சுற்றியுள்ள ஆறு புள்ளிகளிலும் தெரிகிற மரபணு நடுப்புள்ளியில் மட்டும் தெரியவில்லையென்றால், நாம் தவறவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். அக்கம்பக்க எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்க புள்ளியியலாளர் மோரன் 1950இல் தந்த கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது.

சரி, சுற்றியிருப்பவற்றின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடலாமா? நான் அப்படித்தான் செய்தேன். பால்டிமோரின் லீபர் ஆய்வு நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட மனித மூளைத் தரவு அது. 12 சீவல்கள், மூளையின் வெளிப்பகுதியான புறணியின் ஆறு அடுக்குகளையும் அதற்கு அடியிலுள்ள வெண்பொருளையும் ஆய்வாளர்களே பார்த்துக் குறித்திருந்தார்கள். என் படம் வழவழவென்று அழகாக வந்தது. ஆனால் மெல்லிய இரண்டாம் அடுக்கு பக்கத்து அடுக்குகளில் கரைந்தே போயிருந்தது! நோயுற்ற திசுவில் நமக்கு வேண்டியதே அப்படிப்பட்ட எல்லைகள்தான்.

பேயஸ்ஸ்பேஸ் போன்ற கணினி முறைகள் இதில் நிதானமானவை. பக்கத்துப் புள்ளிகள் ஒரே அடுக்கைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கும். மரபணு எண்கள் அழுத்தமாக மறுத்தால் எல்லையை அப்படியே விட்டுவிடும்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். மூல எண்களைத் தனியே பத்திரமாக வைத்துக்கொண்டு, புள்ளிகளின் இடங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு அதே கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். நான் அப்படிச் செய்தபோது கலைத்த தரவிலும் திட்டுத்திட்டாக ஏதோ அமைப்பு தெரிந்தது. அது திசுவில் இருந்ததல்ல, என் சராசரி உண்டாக்கியது. அன்றைக்கே சராசரிக் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.