டாக்டரம்மா பதில்கள்: மூட்டைக் கழுவிவிட்டால் வலி போகுமா?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 62 வயசு. சின்ன வயசுல இருந்தே பீடி சுத்துதாங்க. ரெண்டு வருஷமா வலது முழங்கால்ல வலி. ஸ்கேன் எடுத்ததுல தேய்மானம் இருக்கு, ஜவ்வும் கிழிஞ்சிருக்குன்னு வந்துச்சு. சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டு, மூட்டைக் கழுவி, கிழிஞ்ச ஜவ்வைச் சீவி விட்டா சரியாயிரும்னு ஒரு ஆஸ்பத்திரியில சொல்லுதாங்க. 80,000 ரூபாய் ஆகுமாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கணும். செய்யலாமா, டாக்டரம்மா?
(வாசகி, முக்கூடல்)

பதில்: சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும், தாயி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த ஆபரேஷன் அவர்களுக்கு வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது பிரிவுக்குத் தோலில் கீறி, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஒன்றுமே செய்யவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கவனித்தும் மூன்று பிரிவினருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2002இல் இந்த முடிவு வெளிவந்தது. தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் நைந்து கிழிந்த 146 பேரிடம் பின்லாந்தில் இதேபோல் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அங்கேயும் ஜவ்வைச் சீவியவர்களும் சீவியதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். 2017இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று, தேய்மான மூட்டுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

அப்படியானால் ஸ்கேனில் தெரிந்த கிழிசல்? ஐம்பது வயதைத் தாண்டியவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. அதனால் கிழிசல் இருக்கிறது என்பதற்காகவே வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேன் படத்தைக் காட்டிப் பயமுறுத்தும்போது இதை யாரும் சொல்வதில்லை. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் முழங்காலை நான் பார்த்து வருகிறேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தரையில் இருப்பார்கள். தொடைச் சதை வற்றிப் போயிருக்கும். எழும்போதுதான் வலி உயிர் போகும். அம்மாவை முதலில் தரையிலிருந்து எழுப்புங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஸ்டூல் போட்டுத் தட்டை வைத்துச் சுற்றட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு விட வேண்டும். காலையும் மாலையும் பத்துப் பத்து தடவை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் அப்படியே. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஒரு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல"ன்னு அம்மா விட்டுவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து செய்ய வையுங்கள். உடல் கனம் கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும், ஒவ்வொரு எட்டுக்கும் மூட்டின் மேல் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். கடையில் கேட்டு வலி மாத்திரையைத் தினமும் போட வேண்டாம், கிட்னிக்கும் பிரஷருக்கும் ஆகாது.

கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனால் விஷயம் வேறு, உடனே எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷனையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உண்மையில் பலன் தரும் சிகிச்சை. டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மூட்டு மாற்றியவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ஆனால் பயிற்சி, எடைக்குறைப்பு, வலி மருந்து என்று ஆபரேஷன் இல்லாத சிகிச்சை எடுத்த 50 பேரில், ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 13 பேர்தான். பயிற்சி செய்தும் ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு வலி இருந்தால், அப்போது காப்பீட்டு அட்டையோடு ஹைகிரவுண்டில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: 72 வயது. எனக்கு மாரடைப்போ ஸ்ட்ரோக்கோ வந்ததில்லை. வராமல் இருக்க, நண்பர் சொன்னபடி தினம் ஓர் ஆஸ்பிரின் போடுகிறேன். சரிதானே?
(வாசகர், தென்காசி)

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. விலை மலிவு என்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஆஸ்பிரினால் மாரடைப்பு, ஸ்ட்ரோக் சொல்லும்படியாகக் குறையவில்லை, கடுமையான ரத்தக்கசிவு கூடியது. உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உங்கள் நண்பருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தாலோ ஸ்டென்ட் வைத்திருந்தாலோ அவர் நிறுத்தக் கூடாது.

கேள்வி: அண்ணனுக்கு டிபி. மாத்திரை சாப்பிடுகிறான். வீட்டில் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், எல்லாரும் ஒல்லி. அவர்களுக்கு வராமல் இருக்க விலை கூடிய சத்துப் பவுடர் வாங்க வேண்டுமா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: பவுடர் வேண்டாம் தம்பி, அரிசியும் பருப்பும் வாங்குங்கள். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஒரு பிரிவில் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. என் மனதுக்கு இதைவிட நிறைவு தந்த ஆய்வு இல்லை. நம் நாட்டு ஏழை வீடுகளிலேயே செய்து நிரூபித்திருக்கிறார்கள்.

ரேஷன் அரிசியோடு பருப்பு, முட்டை, உவரிப் பக்கமிருந்து வருகிற சாளை மீன் என்று வீட்டில் எல்லாருமே சாப்பிடட்டும், அண்ணனுக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்காதீர்கள். அண்ணனுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென்று அரசு தருகிற தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அவர் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ப் பரிசோதியுங்கள். நோய் இல்லையென்றால், வராமல் தடுக்க மாத்திரை உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.