ஒன்பது மடங்கு எடை

கேள்வி: ரம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பினாலே எனக்குத் தலை சுற்றுகிறது. போர் விமானிகள் 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசையை எப்படித் தாங்குகிறார்கள்?
(வாசகர், நுவரெலியா)

பதில்: பஸ்ஸில் வருவது உட்காதின் குழப்பம். விமானியைச் சாய்ப்பது, இரத்தம் தலையைவிட்டு இறங்குவது. 9 ஜியில் 70 கிலோ உடல் 630 கிலோவாக அழுத்தும். முதலில் நிறம் மங்கும், பார்வை குழாய்போல் குறுகும், பிறகு நினைவு தப்பும். விசை சட்டென ஏறினால் இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

வயிறு, தொடை, கெண்டைக்காலை இறுக்கும் காற்றுப்பை உடை 1 முதல் 1.5 ஜி வரைதான் கைகொடுக்கும். மீதி விமானியின் உழைப்பு. வளைவுக்கு முன்பே கால், பிட்டத் தசைகளை இறுக்கி, மூச்சை இழுத்து அடைத்து, 3 விநாடிக்கு ஒருமுறை ஒரு விநாடிக்குள் மாற்ற வேண்டும். தாமதமாகத் தொடங்கினாலோ மூச்சை முழுதாக விட்டாலோ ஆபத்து. தண்ணீர் குடிக்காமல் ஏறுவதும் அப்படித்தான்.