பேத்திக்கு வாரம் மூன்று நாள், தாத்தாவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்

கேள்வி: என் மகளும் மருமகனும் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார்கள். பேத்திக்கு வயது 15. போன மாதம் கையைக் கீறிக்கொண்டதால் ஐந்து நாள் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் ‘ஐ.ஓ.பி.’ என்று ஒரு சிகிச்சைக்கு வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டதும் மூன்று மணி நேரம் போகிறாள். எட்டு வாரம் போக வேண்டுமாம். என் கணவருக்கு 69 வயது. இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கே அது போதுமென்றால் சின்னப் பெண்ணுக்கு ஏன் இத்தனை? முற்றிவிட்டதா, இல்லை பணம் பிடுங்குகிறார்களா? இவருக்கும் அப்படி ஒரு சிகிச்சை இங்கே கிடைக்குமா? மகள் என்னை மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்கிறாள். போய் நான் என்ன செய்யப் போகிறேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

வாரத்தில் மூன்று நாள் போகிறாள் என்பதால் நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம். முற்றியிருந்தால் அவளை வார்டை விட்டே அனுப்பியிருக்க மாட்டார்கள். மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தாம் மிகுந்த கவனம் வேண்டிய காலம் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது. வார்டில் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே வந்ததும் ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினால், நடுவில் உள்ள முப்பது நாளைக்கு யார் பொறுப்பு? அந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஏற்பட்டதுதான் ஐ.ஓ.பி. எனப்படும் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை. இரவில் சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காலையில் பள்ளிக்குப் போய்க்கொண்டே பெறுகிற சிகிச்சை அது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு மணிக்கணக்கு வைத்திருக்கிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர், 2024 ஜனவரி 1 முதல் இச்சிகிச்சைக்கும் பணம் கொடுக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரம் தேவைப்படுபவர் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் அது இதற்கு அடுத்த மேல்படி. ஏறக்குறைய நாள் முழுவதும் மருத்துவமனையில் இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்புவது. மெடிக்கேர் உங்கள் பேத்திக்கானது அன்று, அளவுகோலுக்காகச் சொன்னேன். மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் அவளுக்கு ஒன்பது மணி நேரம். அதாவது இரண்டு படிகளில் கீழ்ப்படியில்தான் அவளை வைத்திருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிய சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்டு மருத்துவ பில்லைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். மகளிடம் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மையம் அவர்களுடைய இன்ஷூரன்ஸ் பட்டியலில் உள்ளதா என்பது ஒன்று. எட்டு வாரம் முடிவதற்குள் எத்தனை முறை குழந்தையை மறுபடி மதிப்பிடுவார்கள், தேறிவிட்டால் நாளைக் குறைப்பார்களா என்பது மற்றது. இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் மட்டும் வேறு இடம் பார்க்கலாம்.

இனி அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஏறக்குறைய ஒரே வயதுள்ள சில பிள்ளைகளை ஒரு குழுவாக உட்காரவைப்பார்கள். பெரியவர்களோடு கலக்க மாட்டார்கள். நாற்பது வயதுக்காரர் விவாகரத்தைப் பற்றிப் பேசும் அறையில் பதினைந்து வயதுப் பெண் வாய் திறக்க மாட்டாள். திறந்தாலும் அவளுடைய சிக்கல் அங்கே சின்னதாகத் தெரியும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இம்மையங்கள் பலவற்றில் டி.பி.டி. என்ற, கடும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சை முறையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஷா லினஹன், தற்கொலை எண்ணத்தால் திரும்பத் திரும்ப அவதிப்பட்ட பெரியவர்களுக்காக உருவாக்கியது அது. பிறகு வளரிளம் பருவத்தினருக்கு ஏற்ப அதை மாற்றியமைத்தவர்கள், பெற்றோரையும் அதே வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

அதில் பிள்ளைகளிடம் ஓர் அட்டை கொடுப்பார்கள். இன்று எவ்வளவு கோபம், எவ்வளவு வருத்தம், கீறிக்கொள்ள வேண்டும் என்ற உந்துதல் எத்தனை, அப்போது என்ன செய்தாய் என்று ஒவ்வொரு இரவும் எண் போட்டு நிரப்ப வேண்டும். உந்துதல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் முகத்தை அமிழ்த்துவது அங்கே சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. இதயத் துடிப்பு தணிந்து, அந்த வேகம் கொஞ்சம் கீழே இறங்கும். கேட்பதற்குப் பாட்டி வைத்தியம் போலத்தான் இருக்கும், ஆனால் உடலின் இயல்பை வைத்துச் செய்வது. (இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.) இப்படிப்பட்டவற்றை ஒரு முறை கேட்டால் போதாது, அட்டையைப் பார்த்து, தவறியதைப் பேசி, மறுநாள் மீண்டும் முயல வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் பாட்டு வாத்தியாரிடம் போய் வர்ணம் பாடம் பண்ண முடியாதல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளைச் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தொடங்கும்போது சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்து கூடாது என்பது அதன் பொருள் அன்று. கொடுத்தால் அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பதே. வாரம் மூன்று நாள் குழந்தையின் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு அது எளிது.

வேலைக்குப் போகும் வயதினருக்கு இதே சிகிச்சை வேறு நேரத்தில், வேறு பேச்சோடு நடக்கும். வேலை போய்விடுமோ என்ற அச்சமே அங்கே பாதி. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு பணி முடித்தவர், அந்நாட்டின் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி பொதுவாக ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். குழந்தையின் கடும் நோய்க்காகவும், வேண்டும்போது சில மணி நேரங்களாகப் பிரித்தும் எடுக்கலாம். பேத்தியைக் காரில் கொண்டுவிட நேரமில்லை என்று மகள் தவிக்கிறாள் என்றால் இதை அவளுக்குச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணவர். கடிதத்தில் அவருடைய மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், டாக்டரின் பத்து நிமிடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் எழுதவில்லை. உண்கிறாரா, உறங்குகிறாரா, தெருவில் இறங்கி நாலு பேரோடு பேசுகிறாரா? ஆம் என்றால் அவருக்குப் பத்து நிமிடம் போதும், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இரண்டு ஆண்டு மருந்துக்குப் பிறகும் நாள் முழுவதும் சாய்வு நாற்காலியிலேயே கிடக்கிறார் என்றால் போதாது. அப்போதும் முதல் வேலை கவுன்சலிங் அன்று, இரத்தப் பரிசோதனை. இந்த வயதில் தைராய்டு குறைவும் பி12 குறைவும் மனச்சோர்வின் வேடத்தில் வரும். மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவோ முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துச் சோர்வையும் குழப்பத்தையும் தாமே உண்டாக்கும். காதையும் சோதித்துவிடுங்கள். காது மந்தமானவரைக் குழுவில் உட்காரவைத்து ஒரு பயனும் இல்லை.

நம் ஊரில் இந்தப் பெயரில் முதியோருக்கான சிகிச்சையைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸிலும் சென்னையில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பிலும் பகல்நேரப் பராமரிப்பு உண்டு. ஆனால் இத்தகைய பராமரிப்பு பெரும்பாலும் மனச்சிதைவு போன்ற நீண்டகால நோயுள்ளவர்களின் மறுவாழ்வுக்கானது. ஆகவே உங்கள் ஊரிலேயே துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ தனியாரிடமோ வாரம் ஒரு முறை உளவியலாளர், மாதம் ஒரு முறை மனநல மருத்துவர், மீதி நாளுக்கு எழுதிவைத்த ஒரு நேர அட்டவணை. காலை ஆறரைக்குப் பால் வாங்க அவரே போக வேண்டும், மனம் வந்தாலும் வராவிட்டாலும். சிரிப்பாக இருக்கலாம்; மனச்சோர்வுக்கான நிரூபிக்கப்பட்ட உளவியல் சிகிச்சைகளில் ஒன்று இப்படித்தான் தொடங்குகிறது.

நீங்கள் போய் என்ன செய்வது என்று கேட்டீர்கள். குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பது அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை அன்று. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது வழக்கம். ஆகவே போங்கள். ஆனால் கணவரின் நிலையை இங்குள்ள மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, அவர் இங்கே தனியாக இருக்க நேராதபடி ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். கூடவே அழைத்துப் போவதானால் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே சிகிச்சை முடிந்து இரவு ஏழு மணிக்குப் பேத்தி வரும்போது சூடான சாப்பாடு இருந்தால் நல்லது. ‘இன்றைக்கு என்ன பேசினார்கள்’ என்று கேட்காதீர்கள். குழுவில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே விதி, அதைக் காப்பாற்ற அவளுக்கு உதவுங்கள். முழங்கையை உற்றுப் பார்க்காதீர்கள். ‘உனக்கு என்ன குறை வைத்தோம்’ என்ற வாக்கியத்தைத் திருச்சியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சாக வேண்டும் என்று அவளே சொன்னால் அதட்டாமல், அழாமல், அருகில் உட்கார்ந்து கேளுங்கள். தனியே விடாமல் மகளைக் கூப்பிடுங்கள். அங்கே 988, இங்கே உங்களுக்கோ கணவருக்கோ தேவைப்பட்டால் 14416, இரண்டும் எந்நேரமும் இயங்கும் மனநல உதவித் தொலைபேசி எண்கள்.

கடைசியாக ஒன்று, நம் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் தோன்றாதது. மகள் வீட்டில் மருந்துகளையெல்லாம் ஏற்கெனவே பூட்டிவைத்திருப்பாள். மையத்தில் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அந்த வீட்டுக்குள் மூன்று மாதத்துக்கான பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கணவருடைய தூக்க மாத்திரையும் ஒரு துணிப்பையில் வந்து இறங்கப்போவது உங்கள் பெட்டியில்தான். பூட்டுள்ள சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சாவி உங்கள் கழுத்துச் சங்கிலியில் இருக்கட்டும்.