கடலில் அளவுக் கருவி ஏதும் இல்லாத இடத்தில் வளிமண்டல மாடலை வைத்துக் காற்றாற்றலை எப்படி மதிப்பிடுவது? ஈஆர்ஏ5 தரவே போதாதா?

இடங்களை வடிகட்ட ஈஆர்ஏ5 (பழைய அளவீடுகளை மாடலோடு இணைத்து உருவாக்கிய உலக வானிலைத் தரவு) போதும். 1940 முதல் மணிவாரியாக 100 மீட்டர் உயரக் காற்று அதில் கிடைக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 31 கி.மீ. கரையோரக் கட்டத்தில் பாதி நிலம் விழும். அதன் உராய்வு கடற்காற்றையும் சேர்த்துக் குறைத்துக் காட்டும். கரைக்கு அருகில்தான் திட்டம் என்றால் டபிள்யூஆர்எஃப் என்ற நுணுக்கமான வட்டார வானிலை மாடலை ஓட்டியே ஆக வேண்டும்.

27, 9, 3 கி.மீ. கட்ட அளவில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு வைப்பது வழக்கமான அமைப்பு. ஆய்வுப் பகுதியை உள் அடுக்கின் விளிம்பிலிருந்து 10 கட்டமாவது தள்ளி வையுங்கள். தரையிலிருந்து 200 மீட்டருக்குள் 8 முதல் 10 மட்டங்கள் தேவை. இயல்பமைப்பில் சொற்பமே இருக்கும். 36 மணி நேர ஓட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மாடல் நிலைப்படும் முதல் 12 மணி நேரத்தைக் கழித்துவிடலாம்.

பலர் எல்லைப்படலத் திட்டம் (தரையோரக் காற்றின் கலப்பை மாடல் கணக்கிடும் முறை) எம்ஒய்என்என்னா ஒய்எஸ்யுவா என்று வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். கோளாறோ பெரும்பாலும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையில் இருக்கும். கரடுமுரடான தரவை இடைக்கணிக்கும்போது நில வெப்பம் கரையோரக் கடற்கட்டங்களுக்குள் கசிந்துவிடும். பகலில் அங்கே இல்லாத கொந்தளிப்பு உருவாகி, காற்று மேலும் கீழும் கலந்துவிடும். ஓட்டத்துக்கு முன் அந்த வெப்பநிலையை வரைபடமாக ஒருமுறை போட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். 5 கி.மீ. நுணுக்கமுள்ள ஆஸ்டியா என்ற தினசரிக் கடல் வெப்பநிலைத் தரவை இட்டால் பெருமளவு சரியாகும். நீண்ட ஓட்டமாக இருந்தால் வெப்பநிலைப் புதுப்பிப்பை இயக்க மறக்காதீர்கள். இல்லையேல் முதல் நாள் கடலே கடைசிவரை நிற்கும்.

குளிர்ந்த கடல்மேல் சூடான காற்று வந்தால் 10 மீட்டரில் மந்தமாகவும் 120 மீட்டரில் வேகமாகவும் வீசும். ஆகவே ஆஸ்காட் என்ற செயற்கைக்கோள் ரேடார் கருவி அளந்த காற்றோடு பொருந்திவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. அது 10 மீட்டர் அளவு. அதுவும் நடுநிலை வளிமண்டலத்துக்குச் சமமாக்கிய வேகம். அடுக்குவிதியால் (உயர விகிதத்தை ஓர் அடுக்குக்குறிக்கு உயர்த்தி வேகத்தைப் பெருக்கும் சூத்திரம்) அதை உயர்த்துவதும் ஆபத்து: 10 மீட்டரில் 7 மீ/வி என்றால், அடுக்குக்குறி 0.10-க்கு 100 மீட்டரில் 8.8, 0.143-க்கு 9.7. ஆற்றல் வேகத்தின் மும்மடியில் ஏறுவதால், ஆற்றல் அடர்த்தியில் இது 35 விழுக்காடு வித்தியாசம். காற்றாலை மையத்தண்டு உயரத்துக் காற்றைச் சரிபார்க்க மிதவை லைடார்தான் (மிதவையில் வைத்து லேசர் ஒளியால் காற்றை அளக்கும் கருவி) வழி.

சராசரி வேகத்தை மும்மடிக்காதீர்கள். மணிவாரி வேகத்தை மும்மடித்துப் பிறகு சராசரி எடுங்கள். 8 மீ/வி சராசரிக்கு முதல் முறை சதுர மீட்டருக்கு 314 வாட் தரும். காற்று வேகங்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் ரேலி பரவலில் உண்மை விடை ஏறக்குறைய 600.

ஓராண்டு மட்டும் ஓட்டியிருந்தால், அது காற்று மிகுந்த ஆண்டா என்பதை 20 ஆண்டு ஈஆர்ஏ5 தொடரோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அருகில் வேறு காற்றாலைகள் இருந்தால் அவற்றின் பின்னிழல் (காற்றாலைக்குப் பின்னால் காற்று மந்தமாகும் பகுதி) கணக்கு தனி. நிலையான வளிமண்டலத்தில் அது பல பத்து கிலோமீட்டர் நீளும்.