பொரித்த எண்ணெய் கலந்த லொறி: பில்டரோடு முடிகிற விடயம் இல்லை

தம்பி, கல்முனையிலிருந்து பதுளைக்கு ஓடும் உங்கள் லொறிக்குக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை டீசலோடு பாதிக்குப் பாதி கலந்த பிறகு, விடியலில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஏற்றத்தில் இழுவை இல்லை, இரண்டு பில்டர் மாற்றியும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அது என்ன எண்ணெய் என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகையளவிலேயே உறையத் தொடங்கும். கல்முனை வெயிலில் தண்ணீர் போல் ஓடுவது பதுளைக் குளிரில் பில்டரில் மெழுகாய் ஒட்டிக்கொள்ளும். சூடேறாத எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ 10 மடங்கு தடிப்பு. என்ஜினுக்குள் டீசலை விசிறும் இஞ்செக்டரால் அதைப் புகைபோல விசிற முடியாது. எரியாத மிச்சம் இஞ்செக்டர் நுனியில் கரியாகப் படியும், பிஸ்டன் ஓரமாக இறங்கி என்ஜின் ஒயிலையும் களியாக்கும். எனக்குப் பயம் அதில்தான். என்ஜின் ஒயில் பார்க்கும் கம்பியை, அதுதான் டிப்ஸ்டிக்கை, இன்றைக்கே இழுத்துப் பாருங்கள். ஒயில் தடித்திருந்தால் ஒயிலை மாற்றாமல் லொறியை எடுக்க வேண்டாம்.

சரி, இனி டாங்கியை வடித்துச் சுத்த டீசலில் ஓடிப் பாருங்கள். அப்போதும் இழுவை வராவிட்டால் இஞ்செக்டரைக் கழற்றிச் சோதிக்கத்தான் வேண்டும். எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயால் டீசல் விடும் புதிய வகை கொமன் ரெயில் என்ஜின் என்றால் இந்தக் கலவையே வேண்டாம், தம்பி. பம்பே ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் டீசலைத் தள்ளும் பழைய பம்ப் என்ஜின் என்றால் எண்ணெய்க்குத் தனி டாங்கி பூட்டி, ரேடியேட்டர் சுடுநீரால் 70 பாகையளவுக்குச் சூடாக்கி, டீசலில் தொடங்கி டீசலிலேயே நிறுத்துங்கள். எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று அறிய, சூடான தாச்சியில் ஒரு துளி விடுங்கள். படபடவென்று வெடித்தால் அது இன்னும் டாங்கிக்கு ஆகாது.